பெட்டி மூடியில் விரிசல்: வார்னிஷ் அடித்தால் நிற்குமா?

கேள்வி: தேக்கில் ஒரு பெட்டி செய்தேன். மூடிக்கு 30 செ.மீ. அகலத்தில் ஒரே பலகை. நான்கு பக்கச் சட்டத்தின் காடிக்குள், அதாவது பலகை செருகும் பள்ளத்துக்குள், பசை தடவி இறுக்கினேன். ஆறே மாதத்தில் பலகை நீளவாக்கில் வெடித்துவிட்டது. மரம் சரியாகக் காயவில்லையா? இன்னும் இரண்டு கோட் வார்னிஷ் போதுமா?

பதில்: மரத்தின் மேல் பழி போட வேண்டாம், வெடிக்க வைத்தது அந்தப் பசைதான். எவ்வளவு காய்ந்த மரமும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதம் இருந்தால் மரத்துக்குள் ஏறத்தாழ 8 சதவீத ஈரம் நிற்கும். காற்றில் அது 65 சதவீதமாக ஏறினால் மரத்தில் 12 ஆகும். இந்த 4 புள்ளிக்கே உங்கள் பலகை அகலத்தில் 2 மி.மீ. வரை மாறும். அதுவும் தேக்கு, அதிகம் அசையாத மரம் என்று பெயரெடுத்தது! நீளவாக்கில் எந்த மரமும் அசைவது கண்ணுக்கே தெரியாது. அதனால் பலகைக்குக் குறுக்கே வரும் சட்டம் அப்படியே நிற்கிறது, பலகை மட்டும் சுருங்கப் பார்க்கிறது. இரண்டு ஓரத்தையும் பசை பிடித்துக்கொண்டால் பிளக்காமல் என்ன செய்யும்?

வார்னிஷ் ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. வெளிப்புறம் மட்டும் அடித்தால் பலகை வளையவும் செய்யும். உள்பக்கமும் அதே அளவு அடியுங்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? விரிசலில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்காதீர்கள். ஈரக்காலத்தில் பலகை விரிய இடமில்லாமல் சட்டத்தின் மூலையைப் பிளந்துகொண்டு போகும். வெள்ளைப் பசை சூட்டில் இளகும், பொறுமையாகச் சூடு காட்டிச் சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள். பலகையை விரிசல் வழியே அறுத்து, இரு விளிம்பையும் இழைத்து ஒட்டுங்கள். திரும்பப் பொருத்தும்போது காடியில் பசை கூடாது. குறுக்குச் சட்டங்களின் நடுவில் மட்டும் ஒரு சொட்டு வைத்தால் பலகை இரு பக்கமும் சமமாக அசையும். வறண்ட காலமென்றால் பக்கத்துக்கு 2 மி.மீ. இடம் விடுங்கள். ஈரக்காலத்தில் அவ்வளவு தேவையில்லை, ஆனால் சுருங்கினாலும் வெளியே வராத அளவுக்குப் பலகை காடிக்குள் ஆழமாக இருக்க வேண்டும். அப்புறம், பொருத்துவதற்கு முன்பே ஓரம் வரை வார்னிஷ் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பலகை சுருங்கும்போது சட்டத்தை ஒட்டி வெளிறிய கோடு ஒன்று எட்டிப் பார்க்கும்.

அடிப்பலகையையும் இப்படித்தான் ஒட்டியிருக்கிறீர்களா? பிளைவுட் என்றால் கவலையில்லை, விட்டுவிடுங்கள். மரப்பலகை என்றால் வெடிப்பதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.