அக்னி மூலையில் எங்கள் வீட்டுக் கார் நிற்கிறது

கேள்வி இது: “கோலாலம்பூரில் 20க்கு 65 அடி இரட்டை மாடி வரிசை வீடு வாங்கப் போகிறோம். தெற்குப் பார்த்த வாசல், நடு வீடு. சமையலறை தென்கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்கிறார் மாமியார். பின்பக்கம் எல்லைச் சுவர் வரை இழுத்துக் கட்டிவிடலாம் என்கிறார் கண்டிராக்டர். எங்கே வைப்பது?”

இரண்டு பேரில் மாமியார் பேச்சைப் பாதியாவது கேளுங்கள். கண்டிராக்டர் பேச்சை அப்படியே கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் வீடும் கோலாலம்பூரில்தான், செத்தாப்பாக்கில். கிழக்குப் பார்த்த வாசல், அதுவும் நடு வீடு. 2013-ல் வாங்கியபோது சமையலறை பின்னால் எட்டடிக்குப் பத்தடி இருந்தது. ஒரு ஜன்னல், ஒரு கதவு. கதவைத் திறந்தால் பத்தடி வெட்டவெளி, அதைத் தாண்டினால் பின் லோரோங், அதாவது பின்பக்கச் சந்து. பக்கத்தில் கீழ்த்தளக் குளியலறை, அதன் சின்ன ஜன்னலும் அந்த வெட்டவெளியைப் பார்த்தபடி. நானும் இவரும் அந்தப் பத்தடியை வீணாய்க் கிடக்கும் இடம் என்றுதான் நினைத்தோம். வீட்டைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்டதே, “பின்னால இன்னும் இழுக்கலையா?”

சரி, இழுத்தோம். எல்லை வரை சுவர், மேலே முழுக்கக் கூரை. புது இடம் எண்ணெய், புகைச் சமையலுக்கான வெட் கிச்சன், பழைய சமையலறை லேசான வேலைக்கான டிரை கிச்சன். மாநகர மன்ற அனுமதியைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கண்டிராக்டர் சொன்னார். அந்தக் காகிதத்தைக் கடைசி வரை கண்ணில் காட்டவில்லை. அது தனிக் கதை, விடுங்கள்.

குடி புகுந்த மூன்றாம் நாள் அத்தை நெத்திலிச் சம்பல் கிளறினார். காய்ந்த மிளகாய் அரைத்தது, பெலாச்சான் எனும் இறால் விழுது, நிறைய எண்ணெய். பத்து நிமிஷம் இருக்கும், மாடியில் தூங்கிக்கொண்டிருந்த சின்னவன் இருமிக்கொண்டே இறங்கி வந்தான். பின் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் புகை அந்தப் பக்கம் போகவே இல்லை. டிரை கிச்சனுக்குள் வந்து, ஹாலைக் கடந்து, மாடிப்படியில் ஏறிவிட்டது. சூடான காற்று மேலே போக வழி தேடும். எங்கள் வீட்டில் மேலே போக இருந்த ஒரே வழி மாடிப்படிதான். படிக்கட்டையே புகைபோக்கி ஆக்கிவிட்டோம். அன்று ராத்திரி தலையணை உறையில் பெலாச்சான் வாசம்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. குளியலறை ஜன்னல் இப்போது வெளியே பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தது. பழைய சமையலறையில் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட வேண்டும். அடுப்புக்கு மேல் பளபளவென்று புகையை உறிஞ்சும் ஒரு ஹூட் மாட்டியிருந்தார்கள். அதற்கு வெளியே போகும் குழாயே கிடையாது. கரி வடிகட்டி வழியாகக் காற்றை இழுத்துத் திரும்ப நம் முகத்திலேயே விடுகிற வகை. எண்ணெய்ப் பிசுக்கையும் வாசனையையும் ஓரளவு பிடிக்கும், சூட்டையும் ஆவியையும் அது எங்கேயும் அனுப்பாது. ஃபிரிட்ஜ் டிரை கிச்சனில், அடுப்பு கடைசிச் சுவரில், சிங்க் இன்னொரு மூலையில். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் பக்கங்களைக் கூட்டினால் 4 முதல் 8 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது சமையலறை வடிவமைப்பில் வழக்கமான கணக்கு. எங்கள் முக்கோணம் 13 மீட்டர். ஒரு தேங்காய்ப்பால் பாக்கெட்டுக்காக அத்தை வீட்டுக்குள்ளேயே நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

ஆகவே என் பதில் இதுதான்: எந்தத் திசை என்பது இரண்டாவது. அடுப்பு இருக்கும் சுவர், அல்லது அதை ஒட்டிய சுவர், உண்மையிலேயே வெளியே பார்க்கிறதா என்பதுதான் முதலாவது. நடு வீட்டில் இடம் வலம் இரண்டும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர், ஜன்னல் வைக்க முடியாது. வெளியே பார்ப்பது முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும். முன்னால் கார். மிச்சம் பின்பக்கம் ஒன்றுதான், அதையும் நாமே அடைத்துக்கொள்கிறோம்.

நாட்டில் இதற்கு விதி இல்லாமல் இல்லை. 1984-ஆம் ஆண்டின் சீர்மைக் கட்டட உபவிதிகளின்படி, குடியிருக்கும் எந்த அறைக்கும் ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, அதில் தடையில்லாமல் காற்று வரும் திறப்பு தரைப் பரப்பில் 5 விழுக்காடாவது வேண்டும். எட்டுக்குப் பத்து சமையலறைக்கு 8 சதுர அடி ஜன்னல், 4 சதுர அடி திறப்பு. என் அனுபவத்தில் சம்பல் கிளறும் வீட்டுக்கு அந்த 4 சதுர அடி பத்தாது.

இதில் எனக்கு வெட்கமான விஷயம், நான் வளர்ந்ததே இந்தப் பாடத்துக்குள்தான். பினாங்கில், குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், தாத்தா ஒரு பழைய சீனர் பாணிக் கடை வீட்டில் வாடகைக்கு இருந்தார். முன்னால் அஞ்சடி எனும் கூரை போட்ட நடைபாதை, அடுத்துக் கடை, அடுத்து நீளமாக இருட்டு, திடீரென்று நடுவில் வானம் தெரியும் முற்றம். அதைத் தாண்டித்தான் சமையல்கட்டு. மழை பெய்தால் முற்றத்துக்குள்ளேயே கொட்டும், கல் வாய்க்காலில் ஓடிவிடும். பாட்டி கடுகு தாளிக்கும்போது நான் முற்றத்தின் விளிம்பில் உட்கார்ந்து புகை மேலே போவதைப் பார்த்திருக்கிறேன். ஹால் வரைக்கும் வாசம்தான் வரும், புகை வராது. அஞ்சடி நிழலிலிருந்து உள்ளே வரும் குளிர்ந்த காற்று, முற்றத்தில் சூடேறி எழும்பும் காற்றோடு சேர்ந்து மேலே போய்விடும். மின்விசிறி இல்லாத காலத்தில் கட்டிய வீடு அது. 2000 பிறந்ததோடு வாடகைக் கட்டுப்பாடு போனது, வாடகை ஏறியது, தாத்தா காலி செய்தார். 2008-ல் ஜார்ஜ் டவுனுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தபோது அந்த வரிசையைப் பார்க்கப் போனேன். சுற்றுப்பயணிகள் முற்றத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மலாய்க் கம்போங் (கிராமத்து) வீட்டிலும் இதே அறிவுதான். ரூமா ஈபு எனும் பெரிய வீட்டுக்குப் பின்னால், தரை கொஞ்சம் தாழ்வாக, டாப்போர் எனும் சமையலறை தனியாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில் செலாங் என்ற இடைவழி. எங்கள் அம்மா பிறந்த எஸ்டேட் லயத்திலும், அதாவது தமிழ்த் தொழிலாளர் வரிசை வீட்டிலும், அடுப்படி பின்னால்தான். மூன்று இனத்துக்காரர்களும் யாரையும் கேட்காமல் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள்: நெருப்பு பின்னால், நெருப்புக்கும் படுக்கைக்கும் நடுவில் கொஞ்சம் வானம்.

இனி வாஸ்து. நான் கேலி செய்ய மாட்டேன், அத்தையோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். தென்கிழக்கு அக்னி மூலை, அது கிடைக்காவிட்டால் வடமேற்கு வாயு மூலை, வடகிழக்கு ஈசானியத்தில் மட்டும் அடுப்பு வேண்டாம் என்பார்கள். தென்கிழக்கில் ஒரு நியாயமும் இருக்கிறது. காலை வெயில் பட்டு ஈரம் காயும், சாயங்காலம் சமைக்கும் நேரத்தில் வெயில் அந்தப் பக்கம் இருக்காது. ஆனால் வரிசை வீடுகள் எதிரெதிராகக் கட்டப்படுகின்றன. மேற்குப் பார்த்த எதிர் வீட்டுக்காரருக்குப் பின்பக்கமே கிழக்கு, அக்னி மூலை தானாக அமைந்துவிட்டது. கிழக்குப் பார்த்த எங்களுக்கு அது கார் நிறுத்தும் இடத்தில் வருகிறது. “கார் இஞ்சினும் நெருப்புதானே அத்தை” என்றார் இவர். அத்தை சிரிக்கவில்லை. பின்னால் வடமேற்கு மூலை இருக்கிறதே என்று காட்டிய பிறகுதான் சமாதானமானார். வாஸ்து சொல்லாத ஒன்று எனக்கு வந்தது, மேற்கு வெயில். சாயங்காலம் மூன்றிலிருந்து ஆறு வரை அந்தச் சுவரில் கை வைக்க முடியாது.

கொண்டோ எனும் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் குறைவு, சுதந்திரமும் குறைவு. கழிவுநீர்க் குழாய் எங்கே இறங்குகிறதோ அங்கேதான் சமையலறை. சமையலறையை ஒட்டித் துணி காயப்போடும் யார்டைக் கண்ணாடி போட்டு மூடாமல் விட்டால் போதும். ஓப்பன் கிச்சன் காட்டும் மாதிரி வீடுகளை நம்ப வேண்டாம், அங்கே பிளாஸ்டிக் எலுமிச்சைதான் இருக்கும், யாரும் கருவாடு பொரிப்பதில்லை.

2016-ல் எங்கள் வீட்டைத் திரும்ப உடைத்தோம். கட்டியதைவிட உடைப்பதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கடைசி நாலடிக்குக் கூரையை வெட்டி எடுத்து வானத்துக்குத் திறந்துவிட்டோம். லோரோங் பக்கச் சுவரின் மேல்பாதியில் காற்று வரும் துளைக்கல். அந்த நாலடிக்கும் சமையலறைக்கும் நடுவில் புதுச் சுவர், அகலமான ஜன்னல், அதன் கீழே அடுப்பு, ஹூட் குழாய் நேராகச் சுவரைத் துளைத்து வெளியே. ஃபிரிட்ஜையும் இழுத்து அருகில் வைத்தாயிற்று. 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) அந்தத் திறந்த நாலடியில் நிற்கிறது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் அதன் அருகில் சுவர் அடியிலும் இரண்டு துளைக்கல் வைத்தோம். கேஸ்காரர் லோரோங் வழியாகவே வந்து மாற்றிவிட்டுப் போகிறார், முன்புபோல் ஹால் டைல்ஸில் உருட்டுவதில்லை.

மழை நாளில் சாரல் கொஞ்சம் வரும். அத்தை அங்கே இரண்டு தொட்டியில் கருவேப்பிலையும் பண்டான் இலையும் வைத்திருக்கிறார். தாளிக்கும்போது கை நீட்டிப் பறித்துக்கொள்வார்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வாசல் தெற்கு, அதனால் தென்கிழக்கு உங்களுக்கும் முன்னால், கார் இடத்தில். பின்பக்கம் முழுக்க வடக்கு. வாசலில் நின்று உள்ளே பார்த்தால் பின்னால் வலது மூலை ஈசானியம், இடது மூலை வாயு மூலை. சமையலறையை இடது மூலையில் வையுங்கள், மாமியாரிடமும் அந்தப் பெயரையே சொல்லுங்கள். நடு வீடு என்பதால் மேற்குச் சுவர் அடுத்த வீட்டுக்காரருடையதும்தான், எங்களைப் போல மேற்கு வெயில் உங்களைச் சுடாது. கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 பாகைதான் வடக்கே, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து போகும். மூன்றடி கூரை நீட்டல் அதற்குப் போதும். அடுப்பு கிழக்குப் பார்க்கத்தான் வேண்டும் என்று மாமியார் நின்றால் விட்டுக்கொடுங்கள், ஹூட் குழாய் வெளிச்சுவரை எட்ட நாலைந்து அடிக்கு மேல் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இழுத்துக் கட்டுவதென்றால் பின்னால் நாலடியாவது கூரை இல்லாமல் விடச் சொல்லுங்கள், அனுமதிக் காகிதத்தைக் கையில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள். “எல்லாரும் முழுசாத்தான் மூடுறாங்க” என்று கண்டிராக்டர் சொல்வார். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். வெட்டி எடுத்த பீமின் தழும்பு எங்கள் சுவரில் இன்னும் இருக்கிறது, இரண்டு தடவை பெயிண்ட் அடித்தும் மறையவில்லை.