ஸ்மோக்கி மலையில் மூன்று நாள், தனியாகக் காட்டு ட்ரவுட்: எப்படித் திட்டமிடுவது?

கேள்வியின் சுருக்கம்: அட்லாண்டாவில் இருக்கிறீர்கள், மே மாதம் மூன்று நாள் விடுப்பு, ஃப்ளை ராட் (ஃப்ளை எனப்படும், பூச்சி போன்ற பொய்யிரையை வீசும் தூண்டில் கோல்) வீசக் குளக்கரையில் பழகியாயிற்று, தனியாகப் போகிறீர்கள். கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவில் எந்த ஓடை, என்னென்ன எடுத்துப் போவது?

ஓடையின் பெயரைப் பிறகு பார்க்கலாம், முதலில் உயரத்தை முடிவு செய்யுங்கள். ட்ரவுட் தண்ணீரின் சூட்டுக்குக் கட்டுப்பட்ட மீன். 50 முதல் 65 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நன்றாக இரை எடுக்கும். 45-க்குக் கீழே போனால் அடியில் ஒட்டிக்கொண்டு சோம்பிக் கிடக்கும். 68-ஐத் தொட்டால் தண்ணீரில் உயிர்வளி குறைந்து மீன் திணறும். அப்போது பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டாலும் பல பிழைப்பதில்லை, தூண்டிலைச் சுருட்டிவிடுவதுதான் நியாயம். ஆகவே மார்ச்சில் தாழ்வான ஓடை, ஜூலையில் உயரமான ஓடை. மே மாதம் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் ஒரே பள்ளத்தாக்கில் கீழும் மேலும் போகக்கூடிய இடம் வேண்டும். அதற்கு நான் சொல்வது லிட்டில் ரிவர் என்ற ஆறு, பூங்காவின் டென்னசிப் பக்கம் உள்ள எல்க்மாண்ட் முகாமுக்கு மேலே உள்ள பகுதி.

எல்க்மாண்ட் சுமார் 2,100 அடி உயரம். அங்கிருந்து ஆற்றை ஒட்டியே போகும் நடைபாதை முடியும் இடம் 3,000 அடிக்கு மேல். அந்தப் பாதை மரம் ஏற்றிச் சென்ற பழைய ரயில் தடம் என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். 1901-ல் தொடங்கிய லிட்டில் ரிவர் மரக் கம்பெனி 1939 வரை இந்தக் காட்டை வெட்டித் தீர்த்தது. நிழல் போய், மண் சரிந்து, தண்ணீர் சூடேறியதும் இந்த மண்ணுக்கே உரிய ப்ரூக் ட்ரவுட் மேட்டு ஓடைகளுக்கு ஒதுங்கியது. கீழே பசிபிக் கரையிலிருந்து வந்த ரெயின்போவும், ஐரோப்பாவிலிருந்து வந்த பிரௌனும் குடியேறின. பூங்கா நிர்வாகம் குஞ்சு விடுவதை எழுபதுகளின் நடுவிலேயே நிறுத்திவிட்டது. இன்று உங்கள் கொக்கியில் ஏறுவது எந்த இனமானாலும் ஓடையிலேயே பிறந்த மீன்தான். ப்ரூக் ட்ரவுட்டைப் பிடிப்பதற்கே 1975 முதல் 2006 வரை தடை இருந்தது. ஏறக்குறைய 3,000 அடிக்கு மேல் கிளை ஓடைகளில் அதைப் பார்க்கும்போது, அது தப்பிப் பிழைத்த குடி என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்று நாளில் நான்கு ஓடை பார்க்க வேண்டும் என்ற ஆசை வேண்டாம். கார் ஓட்டுவதிலும் பார்க்கிங் தேடுவதிலும் பாதிப் பொழுது போய்விடும். ஒரே ஆறு, இரண்டு தளம் போதும். முதல் நாள் மதியம் எல்க்மாண்ட் முகாமை ஒட்டிய பகுதி. அகலமான தண்ணீர், வீச இடம் இருக்கும், கை பழகும். இரண்டாம் நாள் விடிகாலை பாதையில் மேலே நடங்கள். சுமார் நாலரை மைலில் ரஃப் க்ரீக் சேரும் இடத்தில் 24-ஆம் எண் காட்டு முகாம் இருக்கிறது, அங்கே ஓரிரவு. மூன்றாம் நாள் காலை மேலே கிளை ஓடையில் இரண்டு மணி நேரம், பிறகு இறக்கம்.

அனுமதி விஷயம் சிறிது கவனம் கேட்கும். ஜார்ஜியா உரிமம் இங்கே செல்லாது. டென்னசி, வட கரோலினா இரண்டில் எதன் மீன்பிடி உரிமம் இருந்தாலும் பூங்கா முழுவதும் செல்லும். ட்ரவுட்டுக்கென்று கூடுதல் முத்திரை தேவையில்லை. ஆனால் கேட்லின்பர்க் ஊர் எல்லையிலும் செரோகி பழங்குடி மக்களின் நிலத்திலும் தனி உரிமம் உண்டு, கோடு தாண்டிவிடாதீர்கள். காட்டு முகாமுக்கு முன்பதிவு கட்டாயம். இது போக, 15 நிமிடத்துக்கு மேல் காரை நிறுத்தினால் பார்க்கிங் சீட்டு வேண்டும். 2023-ல் இந்த முறை வந்தபோது நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15. பதிவு செய்யும்போது அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மே கடைசியிலும் ஜூன் முதலிலும் எல்க்மாண்ட்டில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுங்கும் நாட்கள் வரும். அப்போது மாலையில் வண்டிகளைக் குலுக்கல் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டுமே விடுவார்கள். தேதியைப் பார்க்காமல் போய் வாசலில் நிற்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

பூங்கா விதிகளில் முக்கியமானவை: ஒற்றைக் கொக்கி கொண்ட செயற்கை இரை மட்டும், புழு கூடாது, லீடரில் (லைன் எனும் தடித்த தூண்டில் கயிற்றின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பில்) அதிகம் இரண்டு ஃப்ளை. வைத்துக்கொள்ளும் மீன் 7 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, நாளுக்கு ஐந்துக்கு மேல் கூடாது. ஓடைக் கற்களை நகர்த்தி அணை கட்டுவதும் குற்றம். அந்தக் கற்களுக்கு அடியில்தான் ஹெல்பெண்டர் என்ற பெரிய சாலமாண்டர் முட்டையிடுகிறது.

தூண்டில் கோல் ஏழரை அடி, 3 அல்லது 4 எடை (கோலுக்குப் பொருந்தும் லைனின் எடை எண்). உங்களிடம் இருப்பது ஒன்பது அடி 5 எடை என்றால் எல்க்மாண்ட் பகுதியில் சமாளிக்கலாம், மேலே ரோடோடென்ட்ரான் புதர் கூரை போல் கவிந்திருக்கும் இடத்தில் தலைவலிதான். ஏழரை அடி லீடர், நுனியில் 5எக்ஸ் டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் மிக மெல்லிய நரம்பு) இரண்டு அடி. ஃப்ளை பெட்டியை நிறைக்க வேண்டியதில்லை (பெயருக்குப் பின் வரும் எண் கொக்கியின் அளவு). மிதப்பவற்றில் பாராஷூட் ஆடம்ஸ் 14, 16; எல்க் ஹேர் கேடிஸ் 14; மே மாதத்தில் யெல்லோ சாலி என்ற மஞ்சள் ஓடைப் பூச்சி பறக்கும், அதன் சாயலில் 14, 16. மூழ்குபவற்றில் ஃபெசன்ட் டெயில் 16, ஹேர்ஸ் இயர் 14, தலையில் மணி வைத்தது. ஒவ்வொன்றிலும் நான்கு எடுங்கள், ஏனென்றால் மரக்கிளை பாதியை வாங்கிக்கொள்ளும். கொக்கி நுனியில் உள்ள எதிர்முள்ளைக் குறடால் அழுத்தி மடக்கிவிடுங்கள். காட்டுக்குள் தனியாக இருக்கும்போது கொக்கி உங்கள் விரலில் ஏறினாலும் எளிதில் வெளியே வரும்.

இனி பிடிப்பது. குளத்தில் பழகியவர்கள் இங்கே தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், இழுபடுதல். ஆற்றில் நடுவே வேகமும் ஓரத்தில் நிதானமுமாகத் தண்ணீர் பல வேகத்தில் ஓடும். நீளமாக வீசினால் லைன் வேகமான நீரில் விழுந்து ஃப்ளையை வெடுக்கென்று இழுக்கும். உண்மையான பூச்சி அப்படி ஓடாது, மீன் திரும்பிவிடும். அதனால் தூரம் வேண்டாம். 15 முதல் 20 அடிக்குள் நெருங்கிப் போங்கள், வீசியதும் கோலை உயரத் தூக்கி, லீடர் மட்டும் தண்ணீரைத் தொடும்படி பிடித்து, ஃப்ளை மிதந்து வரும் வேகத்திலேயே கோலை நகர்த்துங்கள்.

நெருங்குவது எப்படி? ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்து, மேல்நோக்கிப் பார்த்தபடி நிற்கும். நீங்கள் கீழிருந்து மேலே போனால் அதன் முதுகுப்பக்கம் இருப்பீர்கள். மடுவின் தலைப்பகுதியைப் பார்த்ததும் அங்கேயே வீசத் தோன்றும், அது தவறு. மடுவின் வால் பகுதியில் நிற்கும் சின்ன மீன் மிரண்டு மேலே ஓடினால் மொத்த மடுவும் அடங்கிவிடும். வாலில் தொடங்கி, நடு, பிறகு நுரை விழும் தலை. ஒரு பாறையின் பின்னுள்ள நிதான நீருக்கு மூன்று நான்கு வீச்சு போதும். எடுக்கவில்லையென்றால் அடுத்த பாறை. பின்னால் கையை ஓங்க இடமில்லாத இடத்தில் ஃப்ளையை விரலால் பிடித்து, கோலை வில்லாக வளைத்து, அம்பு விடுவது போல விட்டுவிடுங்கள். இந்த ஒரு வீச்சை வீட்டு முற்றத்தில் பழகிவிட்டு வாருங்கள், மேல் ஓடையில் பாதி மீன் இதில்தான் வரும்.

மேலே மிதக்கும் கேடிஸின் கொக்கி வளைவில் 18 அங்குல டிப்பெட் கட்டி, நுனியில் ஃபெசன்ட் டெயில் தொங்கவிட்டால் இரண்டு ஆழத்தையும் ஒரே வீச்சில் பார்க்கலாம். மேல் ஃப்ளை நின்றாலோ அமிழ்ந்தாலோ உடனே மணிக்கட்டால் சுண்டுங்கள். மீன் பொய்யிரையை நொடிப்பொழுதில் துப்பிவிடும். கிடைப்பது ஆறேழு அங்குலம்தான் இருக்கும், ஒன்பது வந்தால் நல்ல மீன். அளவுக்காக வருபவர்களுக்கு இந்த மலை ஏமாற்றம் தரும். ப்ரூக் ட்ரவுட்டின் வயிற்றுச் செம்மையையும் துடுப்பின் வெள்ளை ஓரத்தையும் பார்க்க வருபவர்களுக்குத் தராது. தொடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்திருக்காதீர்கள்.

தனியாகப் போவதால் மாறும் விஷயங்கள்தான் இந்தத் திட்டத்தின் மையம். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள். இங்கே பாறைகள் எண்ணெய் தடவியது போல வழுக்கும். ஊன்றுகோலும் ஆணி பதித்த ரப்பர் அடிக் காலணியும் கட்டாயம். டவுன்சென்ட் அருகே உள்ள நீரளவு நிலையத்தின் அளவை முந்தின இரவு இணையத்தில் பாருங்கள். நொடிக்கு 100 முதல் 250 கன அடி என்றால் நிம்மதியாக நடக்கலாம். 400-ஐத் தாண்டினால் ஆற்றை விட்டுச் சிறு கிளை ஓடைக்குப் போங்கள். எண்ணை விட வரைகோட்டின் போக்கு முக்கியம்: ஏறிக்கொண்டிருந்தால் இறங்காதீர்கள்.

பிற்பகலில் மேலே இடி மழை பெய்தால் நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் இருக்கும்போதே தண்ணீர் ஏறும். சருகும் குச்சியும் திடீரென மிதந்து வருவது, தெளிநீர் தேநீர் நிறமாவது, காலையில் நின்ற கல் மூழ்குவது, இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் நடைபாதை இருக்கும் கரைக்கு வந்துவிடுங்கள். எதிர்க் கரையில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் வடியும் வரை அங்கேயே உட்காருங்கள். கடக்க முயல்வதில்தான் உயிர் போகிறது.

பாதையில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்று நம்பக்கூடாது. எந்தப் பாதை, எந்த முகாம் எண், எத்தனை மணிக்குள் கூப்பிடுவீர்கள், கூப்பிடாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதி வீட்டில் ஒருவர் கையில் கொடுங்கள். கரடிகள் நிறைய. சாப்பாடு, பற்பசை, மீன் வாடை பட்ட துணி எல்லாம் முகாமில் உள்ள கம்பி வடத்தில் ஏற்றித் தொங்க வேண்டும். பையைக் கரையில் வைத்துவிட்டு மேலே மீன் பிடித்தபடி போய்விடாதீர்கள். பாறை மேல் கை வைக்கும் முன் பாருங்கள், வெயில் காயும் பாம்பு இருக்கும்; காப்பர்ஹெட், ராட்டில்ஸ்னேக் இரண்டும் உண்டு. தண்ணீரை வடிகட்டியோ காய்ச்சியோ குடியுங்கள். ஒரு மாற்றுச் சட்டையும் காலுறையும் நீர் புகாத பையில் தனியே இருக்கட்டும். மே மாதத்திலும் நனைந்தபடி இரவு இறங்கினால் உடம்பு வெடவெடக்கும்.

வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டிச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். காலையில் 50-க்குக் கீழே இருந்தால் மூழ்கும் ஃப்ளையோடு மடுவின் அடியில் தொடங்கி, பத்து மணிக்கு மேல் மிதக்கும் ஃப்ளைக்கு மாறலாம். மதியம் 65-ஐத் தாண்டினால் அங்கேயே நின்று மல்லுக்கட்டாமல் பாதையில் ஒரு மைல் மேலே நடங்கள்.