கேள்வி பதில்: சர்வாதிகார அரசும் ஒற்றை ஆளும்

கேள்வி: இந்த வகை நாவல்களில் அரசை எதிர்ப்பவன் ஏன் கடைசியில் தோற்றே போகிறான்?

பதில்: ஆள் தோற்கிறான், சரி. அவன் விட்டுச்சென்றது தோற்கிறதா என்று பாருங்கள். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' (1949) நாவலில் வின்ஸ்டன் செய்யும் முதல் குற்றம் குண்டு வைப்பதல்ல, நாட்குறிப்பு எழுதுவது. அவன் வீட்டில் டெலிஸ்கிரீன், அதாவது ஆளை வேவு பார்க்க அரசு வைத்த திரை, வழக்கமான இடத்தில் இல்லை, நீளச் சுவரில் இருக்கிறது. அதனால் புத்தக அலமாரிக்கென்று விட்ட ஒரு மாடத்துக்குள் ஒடுங்கி உட்கார்ந்தால் அதன் பார்வையில் படாது. பழைய சாமான் கடையில் வாங்கிய நோட்டில், பழக்கமில்லாத மைப்பேனாவால் தேதி போடுகிறான். அந்த நாட்டில் சட்டமே கிடையாது, ஆகவே அது சட்டவிரோதமும் அல்ல. ஆனால் பிடிபட்டால் மரணம், அல்லது குறைந்தது 25 வருடம் கட்டாய உழைப்பு முகாம்.

மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) நாயகியும் தன் கதையை கேசட்டுகளில் பேசிப் பதிந்துவிட்டுப் போகிறாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்பது தெரியாது. ஆனால் 2195-இல் ஒரு கருத்தரங்கில் அந்தப் பதிவுகளை ஆராய்கிறார்கள். அவளை அடைத்து வைத்திருந்த அரசு அதற்குள் வரலாறாகிவிட்டது.

எனவே ஒரு எச்சரிக்கை: பின்னிணைப்பைப் படிக்காமல் மூடாதீர்கள். '1984' பின்னிணைப்பு, நாட்டை ஆளும் கட்சி உருவாக்கிய மொழியைப் பற்றி இறந்தகாலத்தில் பேசுகிறது. கட்சி விழுந்த பிறகு யாரோ எழுதியது அது என்பது என் வாசிப்பு. அமெரிக்கப் புத்தக மன்றம் ஒன்று அதை நீக்கச் சொன்னபோது, பெரும் பணம் போகும் என்று தெரிந்தும் ஆர்வெல் மறுத்தார்.

கேள்வி: 1948-இன் கடைசி இரண்டு இலக்கங்களைத் திருப்பிப் போட்டதுதானே '1984' என்ற தலைப்பு?

பதில்: அது ஊகம். முதலில் யோசித்த தலைப்பு 'ஐரோப்பாவின் கடைசி மனிதன்'.

கேள்வி: '1984'-இல் வின்ஸ்டனின் காதலி ஜூலியா தன் சந்தோஷத்துக்காக விதியை மீறுகிறாள். அதைப் போய்க் கலகம் என்பதா?

பதில்: கலகம்தான். கட்சியின் மேல்மட்டமான உள்வட்டக் கட்சிக்காரர்களுக்கு மட்டுமே கிடைக்கும் அசல் காபித் தூளையும் சர்க்கரையையும் அவள் பையில் கடத்திக்கொண்டு வருகிறாள். ஆசையையும் ருசியையும்கூடத் தன் கையில் வைத்திருக்க நினைக்கும் அரசு அது. அங்கே அதற்கு அர்த்தம் வேறு.

கேள்வி (மறுபடியும் அவரே): கட்சியின் எதிரி என்று சொல்லப்படும் கோல்ட்ஸ்டைனின் புத்தகத்தை வின்ஸ்டன் வாசிக்கும்போது ஜூலியா தூங்கிவிடுகிறாளே! கொள்கை இல்லாதவள் கலகக்காரியா?

பதில்: கொள்கை உள்ளவன் என்ன செய்தான் என்று பார்ப்போம். கட்சியை எதிர்க்கும் ரகசிய இயக்கத்தில் சேர, அதன் ஆள் என்று நம்பி, உள்வட்டக் கட்சிக்காரன் ஓ'பிரையன் வீட்டுக்கு வின்ஸ்டனும் ஜூலியாவும் போகிறார்கள். கொலை செய்வீர்களா, ஒரு குழந்தையின் முகத்தில் அமிலம் வீசுவீர்களா என்று அவன் வரிசையாகக் கேட்கிறான். வின்ஸ்டன் எல்லாவற்றுக்கும் சரி என்கிறான். 'நீங்கள் இருவரும் பிரிய வேண்டும்' என்றதும் குறுக்கே விழுந்து 'முடியாது' என்று சொன்னவள் ஜூலியா. வின்ஸ்டனுக்குக் குரல் வரவே நேரமாகிறது. பின்னால் சித்திரவதைக் கூடத்தில், 'உங்களைவிட நான் மேலானவன்' என்று அவன் நினைக்கும்போது, அன்றைய பேச்சின் ஒலிப்பதிவைத்தான், கட்சியின் ஆளாகவே வெளிப்பட்ட ஓ'பிரையன் போட்டுக் காட்டுகிறான். எதிரியைப் போலவே ஆகச் சம்மதித்தவனை உடைக்க அந்த ஒலிநாடா போதும். நாவலில் என்னை அதிகம் கலங்கவைக்கும் இடம் அதுதான்.

கேள்வி (இன்னொருவர்): ஆனால் பிடிபட்டதும் ஜூலியா வின்ஸ்டனை உடனே காட்டிக்கொடுத்தாள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: காட்டிக்கொடுத்ததை அவளே கடைசியில் ஒப்புக்கொள்கிறாள். 'உடனே' என்று சொல்வது ஓ'பிரையன் மட்டும். பொய் சொல்வதே தொழிலாக உள்ளவன் பேச்சை நம்புவானேன்? பிறகு வின்ஸ்டன் சந்திக்கும்போது அவள் நெற்றியில் நீளமான தழும்பு, முடி பாதி மறைத்திருக்கிறது. உடனே பணிந்தவளுக்கு அது எதற்கு?

கேள்வி: நாயகன் ஏன் தோற்கிறான்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: ஆர்வெல் ரஷ்ய நாவலைக் காப்பியடித்தாரா?

பதில்: எவ்கேனி ஜமியாதினின் 'நாம்' நாவலைச் சொல்கிறீர்கள். ஆர்வெல் அதைப் படித்து 1946-இல் மதிப்புரையும் எழுதினார். தாக்கம் உண்டு, காப்பி இல்லை. ஜமியாதினின் நாயகன் டி-503 (அங்கே ஆட்களுக்குப் பெயர் இல்லை, எண்தான்) அரசைப் புகழத்தான் குறிப்பெழுத உட்காருகிறான். எழுத எழுத அவனுக்குள் இன்னொருவன் விழித்துக்கொள்கிறான். கடைசியில் அறுவை செய்து கற்பனையை எடுத்துவிடுகிறார்கள். அவன் பணிகிறான், ஆனால் நகரின் மேற்குப் பகுதியில் சண்டை ஓயவில்லை. அவன் குழந்தையைச் சுமக்கும் பெண் நகர மதிலுக்கு வெளியே தப்பிவிட்டாள். அந்த நாவல் 1924-இல் ஆங்கிலத்தில் வந்தது, சோவியத் மண்ணில் 1988-இல்தான் அச்சேறியது. எழுத முடியாத நிலையில் ஜமியாதின் 1931-இல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதி நாட்டைவிட்டுப் போக அனுமதி வாங்கினார். 1937-இல் பாரிஸில் இறந்தார்.

கேள்வி: திரைப்படமாக எது நன்றாக இருக்கிறது?

பதில்: சினிமா என் துறை இல்லை, அதைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: எல்லாரும் தோற்றால் படித்து என்ன பயன்?

பதில்: மூன்றாவது முறை வருகிறது இந்தக் கேள்வி. பின்னிணைப்பைப் படியுங்கள், தயவுசெய்து.

கேள்வி: புதிதாகப் படிப்பவர் எதில் தொடங்கலாம்?

பதில்: 'நாம்' சின்ன நாவல், அதை முதலில். அடுத்து '1984'. ஓ'பிரையன் வீட்டுக் காட்சி வரும்போது, யார் எதற்குச் சரி என்றார்கள், யார் எதற்கு முடியாது என்றார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள்.