லேத்தும் தூக்குக்குண்டும் – கடிதம்

அன்புள்ள சார்,

பழைய வெட்டுகத்திக்குப் பிடி போட்டது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு 46 வயது. குளச்சலில் வங்கி வேலை. வீடு மண்டைக்காடு பக்கம், கடலுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டு வருடம் முன்பு இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற பழைய நாலரை அடி லேத் ஒன்று வாங்கி, மாடு இல்லாமல் சும்மா கிடந்த தொழுவத்தில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அங்கேதான். ஆனால் இதுவரை செய்தது எல்லாம் பட்டறைக்கே செய்ததுதான். லேத்துக்கு ஸ்டாண்ட், டூல் அடுக்க ரேக், கிரைண்டருக்கு ரெஸ்ட், வைஸுக்கு அலுமினியத் தாடை. வெளியே போன பொருள் ஒன்றுகூட இல்லை. அப்பா கொத்தனாராக இருந்தவர். "இவ்வளவு நாளா உள்ள இருந்து என்னதான் செய்யிற, ஒரு சாமான் வெளிய வரலியே" என்று கேட்கிறார். மார்த்தாண்டத்தில் தேன்பெட்டி வைத்திருக்கும் மச்சினனுக்குத் தேன் எடுக்கும் மெஷின் செய்து தருவதாகச் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. இன்னும் ஒரு கம்பிகூட வெட்டவில்லை. அடுத்து, டூலைச் சட்டென்று மாற்றிப் பிடிக்கிற க்விக் சேஞ்ச் டூல் போஸ்ட் செய்யலாமா, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வி.எஃப்.டி. போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இது ஒரு வியாதியா? அப்புறம், துரு. என்ன செய்தாலும் துரு.

பெயர் வேண்டாம்.

ஆர்., மண்டைக்காடு

அன்புள்ள ஆர்.,

வியாதி இல்லை. வீட்டில் இரும்பு வேலை செய்கிற எல்லோரும் இந்த இடத்தைக் கடந்துதான் வருகிறோம். சிலர் கடக்காமல் அங்கேயே தங்கிவிடுகிறார்கள், அதுதான் வருத்தம்.

என் சித்தப்பா நாகர்கோவில் கோணம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். முதல் மாதங்களில் அவர் கையில் இருந்தது அரம் மட்டும்தான். ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, ஆறு பக்கமும் ராவி மூலைமட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். அந்தத் துண்டால் யாருக்கும் பயன் இல்லை. ஆனால் அதை முடித்தவனுக்கு, ஒரு பரப்பு சமமாக இருக்கிறதா என்று கை சொல்லிவிடும். நீங்கள் ரேக்கும் ரெஸ்ட்டும் செய்த இரண்டு வருடத்தில் உங்கள் கைக்கும் இது நடந்திருக்கிறது. அதனால் அந்த ஞாயிறுகளை வீண் என்று எழுதிவிடாதீர்கள்.

இந்தத் தொழிலின் வரலாறே கருவி கருவியைப் பெற்ற கதைதான். உலகத்தில் ஒரு சமமான தகடுகூட இல்லாதபோது முதல் சமத் தகட்டை எதை வைத்து உருவாக்குவது? ஒரு தகட்டுக்கு நீலம் பூசி இன்னொன்றின் மேல் வைத்து, நீலம் ஒட்டிய மேட்டை எல்லாம் சுரண்டிக்கொண்டே வந்தால் இரண்டும் பொருந்திவிடும். ஆனால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தாலும் அப்படியே பொருந்தும். மூன்று தகடுகளை எடுத்து, மாற்றி மாற்றி, திருப்பித் திருப்பி ஒன்றோடு ஒன்று பொருத்தினால் அந்த ஏமாற்று நடக்காது. மூன்றும் தம்முள் பொருந்துவதற்குச் சமமாக இருப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. ஜோசப் விட்வொர்த் இதை 1840இல் கிளாஸ்கோவில் ஒரு கட்டுரையாகவே வாசித்தார். இளம் வயதில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். தன்னைவிடத் துல்லியமான எதன் உதவியும் இல்லாமல் துல்லியத்தைப் பிறப்பித்துவிடலாம் என்பது, எத்தனை முறை நினைத்தாலும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது. அடுத்த ஆண்டு அவர் முன்வைத்த 55 டிகிரி மரைதான், அதாவது திருகுப் புரிதான், இன்று உங்கள் வீட்டுக் குழாயிலும் இருக்கிறது. அரை இஞ்ச் குழாய் மரையில் ஒரு இஞ்சுக்கு 14 புரி. எண்ணிப் பாருங்கள்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு உங்கள் அப்பாவின் பக்கம் வருகிறேன். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

பட்டறைக்கு ஒன்று செய்வதில் தவறு இல்லை. அது எப்போது செய்யப்படுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான் லேத் வாங்கிய புதிதில், ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, உருண்டை கடைவதற்கான துணைக்கருவி ஒன்று செய்தேன். அழகாக வந்தது. இத்தனை வருடத்தில் இரண்டு தடவை எடுத்திருக்கிறேன். அதன் பிறகு பக்கத்து வீட்டு ரப்பர் ஷீட் ரோலரில், ஷாஃப்ட் உள்ளே சுற்றுகிற கன்மெட்டல் (வெண்கல வகை) வளையமான புஷ் தேய்ந்துபோய், ஒரே நீளத்தில் எட்டு புஷ் கடைய வேண்டி வந்தது. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிறுத்தி அளந்ததில் மூன்றாவது புஷ்ஷிலேயே கை சலித்துவிட்டது. அன்று மத்தியானம் ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) வாங்கிப் போட்டிருந்த ஒரு இரும்புத் துண்டை எடுத்து, துளை போட்டு, லேத்தின் நீண்ட அடிப்பாகமான பெட்டின் மேல் இறுக்கி நிற்கிற மாதிரி ஒரு தடுப்பு செய்தேன். டூலைச் சுமந்து நகர்கிற கேரேஜ் அதில் வந்து முட்டினால் நீளம் சரி. அரை நாள் வேலை, பார்க்க ஒன்றும் இல்லை. இன்றுவரை அது லேத்தை விட்டு இறங்கவில்லை. அந்தத் தடுப்பை என்னிடம் கேட்டது மூன்றாவது புஷ். உருண்டைக் கருவியை யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்துகொண்டேன். கையில் ஒரு வேலை இருந்து, அந்த வேலை நடுவழியில் நின்று "எனக்கு இது வேண்டும்" என்று கேட்டால், அப்போது செய்யுங்கள். உங்கள் பட்டறையில் கேட்பதற்கு வேலையே இல்லை. அதனால்தான் முடிவில்லாமல் போகிறது.

அதனால் மச்சினனின் மெஷினை எடுங்கள். அதற்கு ஒரு கெடுவும் இருக்கிறது. நம் மாவட்டத்தில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, அந்த இளந்துளிரின் காம்பில் ஊறுவதைத்தான் தேனீ குடிக்கிறது, பூவில் இருந்து இல்லை. மாசி, பங்குனியில் பெட்டிகள் நிறையும். தை முடிவதற்குள் மெஷின் மார்த்தாண்டம் போய்ச் சேர வேண்டும்.

அந்த மெஷின் உங்கள் பட்டறையிடம் என்ன கேட்கும் என்று ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். தேன் புளிப்புத் தன்மை உடையது. அதனால் தேன் படுகிற இடத்தில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடும் வேண்டாம், கன்மெட்டலும் வேண்டாம். டிரம், அதற்குள் தேனடையை வைத்துச் சுற்றுகிற கூண்டு, ஷாஃப்ட் எல்லாம் 304 ரக ஸ்டெயின்லெஸ். அடியில் ஷாஃப்ட் சுற்றுகிற புஷ் நைலானில் கடையுங்கள், கிரீஸ் தேவைப்படாது. மேலே கைப்பிடிக்கான பெவல் கியர் ஜோடியை வாங்கிவிடுங்கள், அதில் மானம் பார்க்க வேண்டாம். அளவாக, வழவழப்பாகவே வருகிற 20 மில்லிமீட்டர் பிரைட் பார் கம்பி வாங்கினால் ஷாஃப்ட்டில் இரண்டு முனைகளை மட்டும் கடைந்தால் போதும். 304இல் டூல் வெட்டாமல் உரசிக்கொண்டு நின்றால் அந்த இடம் இறுகிப்போய், பிறகு வெட்டவே விடாது. வேகத்தைக் குறையுங்கள், டூல் நகர்வதை (ஃபீட்) நிறுத்தாதீர்கள்.

இங்கேதான் உங்கள் பழைய லேத்தின் குணம் வெளியே வரும். அதற்கு முன்பு ஒரு சோதனை செய்துவிடுங்கள். கனமான ஒரு கம்பியை, பிடித்துச் சுழற்றுகிற சக்கில் மாட்டி, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் இல்லாமல், 150 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு வளையம் மட்டும் மேடாக விட்டு, டூலை மாற்றாமல் இரண்டையும் லேசாகக் கடையுங்கள். மைக்ரோமீட்டரில் இரண்டும் ஒரே அளவு காட்டினால் நிம்மதி. காட்டவில்லை என்றால் முதலில் நீங்கள் செய்த ஸ்டாண்டைச் சந்தேகப்படுங்கள். பெட் முறுக்கிக்கொண்டு நிற்கலாம். ஒரு கால் போல்ட்டின் அடியில் மெல்லிய தகடு வைத்து மறுபடி கடைந்து பார்க்க வேண்டும். அது சரியான பிறகு டெயில்ஸ்டாக். கம்பியை இரு முனையிலும் தாங்குகிற இரண்டு கூர்முனைகளுக்கு (சென்டர்) நடுவே கடையும்போது டெயில்ஸ்டாக் 0.1 மில்லிமீட்டர் விலகி இருந்தால், முழு நீளத்துக்கும் விட்டத்தில் 0.2 மில்லிமீட்டர் சரிவு வந்துவிடும். இந்த இரண்டையும் சரிசெய்வதுதான் உங்கள் லேத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய முன்னேற்றம். காசு செலவு கிடையாது.

டூல் போஸ்ட் காத்திருக்கட்டும். இருக்கிற போஸ்ட்டில், பழைய ஹாக்சா பிளேடுத் துண்டுகளை அடியில் வைத்து டூல் நுனியைச் சென்டர் உயரத்துக்குக் கொண்டுவந்தால் தேன் மெஷின் முடிந்துவிடும். வி.எஃப்.டி. பற்றி ஒன்று மட்டும். இப்போது இருப்பது சிங்கிள் ஃபேஸ் மோட்டார் என்றால் அதில் போட முடியாது, மூன்று ஃபேஸ் மோட்டார் வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாராக இணைத்து வருகின்றன. வீட்டுக் கரண்டில் ஓடும் வி.எஃப்.டி.க்கு அதை டெல்டாவாக மாற்ற வேண்டும், அதனால் ஆறு முனைகளும் வெளியே இருக்கிற மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள். எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

துருவுக்கு வருகிறேன். தக்கலையில் இருக்கிற எனக்கே இரண்டு மழைக்காலமும் போராட்டம்தான், நீங்கள் கடலை ஒட்டி இருக்கிறீர்கள். உங்கள் எதிரி மழையைவிட உப்பு. காற்றில் வந்து இரும்பில் படிகிற உப்பு, மழை இல்லாத நாளிலும் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெயில் உப்பு கரையாது. உப்பின் மேலேயே எண்ணெய் பூசினால் துரு எண்ணெய்க்கு அடியில் வளரும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடைத்து, அப்புறம் எண்ணெய். லேத்தின் நகரும் பரப்புகளுக்கான 68 கிரேடு ஸ்லைட்வே எண்ணெய் நல்லது. வீட்டுத் தேங்காய் எண்ணெய் அந்த நேரத்துக்குப் பரவாயில்லை, நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் தாளால் மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். பழைய பருத்திப் போர்வை போதும். அளவுக் கருவிகளை ஒரு மூடிய அலமாரியில் வைத்து, உள்ளே 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுங்கள். வெளியைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தால் அங்கே ஈரம் படியாது. துணியும் மரமும் பல்பில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்து மணல் இன்னொரு கவலை. மணவாளக்குறிச்சிக் கரையில் கருப்பும் சிவப்பும் கலந்து கிடக்கிற மணலில் இல்மனைட், சிர்கான், கார்னெட் எல்லாம் இருக்கிறது. சின்ன வயதில் கன்னியாகுமரியில் அந்த வண்ண மணலைப் பொட்டலமாக வாங்கி வந்து அடுக்கி வைத்திருக்கிறேன், அவ்வளவு அழகு. ஆனால் மரத்தைத் தேய்க்கிற உப்புத்தாளில் ஒட்டுவதும் கார்னெட்தான். காற்றோடு வந்து எண்ணெய் பூசிய பெட்டில் அது ஒட்டினால், கேரேஜ் நகரும் ஒவ்வொரு தடவையும் லேத் தன்னைத் தானே அரைத்துக்கொள்ளும். தொழுவத்தின் கடல் பக்கத்துத் திறப்பை அடைத்துவிடுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்வது அதைத்தான். கிரைண்டரையும் லேத்துக்குப் பக்கத்தில் இருந்து நகர்த்துங்கள், அந்தத் தூசியும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் என்பதால் சொல்கிறேன். சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு லேத் முன்னால் நிற்காதீர்கள். தோளில் துவர்த்தும் (துண்டு) வேண்டாம், கையுறையும் வேண்டாம். ஒரு முறை நான் சக்கை இறுக்குகிற சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டேன். சாவி என் காதுப்பக்கமாகப் போய்ச் சுவரில் அடித்தது. சமையல் கட்டில் இருந்து என் மனைவி ஓடி வந்தாள். அன்று சாயங்காலமே சாவியின் நுனியில் ஒரு ஸ்பிரிங் போட்டேன். கையை எடுத்தால் சாவி தானாக வெளியே தள்ளப்பட்டுக் கீழே விழும். இந்த ஒன்றை மட்டும், எந்த வேலையும் கேட்பதற்கு முன்னால் நீங்கள் செய்துவிடலாம்.

தேன் மெஷினுக்கு முன்பு, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சின்ன வேலை சொல்கிறேன். சுவர் நேராக நிற்கிறதா என்று நூலில் தொங்கவிட்டுப் பார்க்கிற தூக்குக்குண்டு ஒன்றை அப்பாவுக்குக் கடைந்து கொடுங்கள். அவர் கை தொட்டு வளர்ந்த சாமான் அது. 40 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி ஒரு துண்டு போதும். உங்கள் மூன்று தாடைச் சக் பழையது, நிச்சயம் மையம் விலகி ஓடும். அதனால் மேல்பாகத்தைக் கடைவதும், நடுவில் துளை போட்டு எம்8 மரை வெட்டுவதும் கம்பியைச் சக்கில் இருந்து கழற்றாமல் ஒரே பிடியில் முடியட்டும். சக் எவ்வளவு விலகி ஓடினாலும் அப்போது துளையும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் இருக்கும். அந்த மரையை வெட்டும்போது, வெட்டுகிற கருவியான டேப்பைக் கையால் நேராகப் பிடிப்பது சிரமமாக இருக்கும். டெயில்ஸ்டாக்கில் வைத்து அதை வழிநடத்த ஒரு பிடி இருந்தால் தேவலை என்று தோன்றும். அந்தப் பிடியைச் செய்யுங்கள், தேன் மெஷினுக்கும் அது வேண்டியிருக்கும்.

குண்டோடு வருகிற கட்டையைத் தேக்கில் செய்யலாம். அதன் நீளமும் குண்டின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும், நூல் ஓட்டை சரி நடுவில். கட்டையைச் சுவரில் ஒட்டிப் பிடித்து குண்டைத் தொங்கவிட்டு, நூலைத் திருகி அதை மெல்லச் சுழலவிட்டு அப்பா பார்ப்பார். மையம் விலகியிருந்தால் சுவருக்கும் குண்டுக்கும் இடையில் உள்ள வெளிச்சம் கூடிக் குறையும், முதல் சுற்றிலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்த எம்8 மரையில் திருகுகிற மூடியில் நூலுக்கு 2 மில்லிமீட்டர் ஓட்டை போதும். நூலை நீங்கள் கட்ட வேண்டாம், அவரையே கட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்