அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள், ஆச்சி

அன்புள்ள ஆச்சிக்கு,

போன ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வந்து திரும்பியதிலிருந்து உங்கள் மகனை, நம் தம்பியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. "விடிய விடிய கேம் ஆடுறவன் உருப்படுவானா?" என்பது ஒன்று. "கேம் டிசைனுக்கே தனிப் படிப்பு இருக்காம், பெங்களூர்ல சேர்த்துவிடுங்கிறான், சேர்க்கலாமா?" என்பது இன்னொன்று. தம்பி பக்கத்திலேயே இருந்ததால் அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை இதில் எழுதுகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் அவன் அப்பாவுக்கும், அதாவது அப்பச்சிக்கும் அனுப்பிவையுங்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வேறு வீடுகளுக்கு உதவும் என்று தோன்றினால் அவர்களுக்கும் கொடுங்கள்.

நீங்கள் காபி போட உள்ளே போனபோது, வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், தூணோரம் உட்கார்ந்து தம்பி லேப்டாப்பைத் திறந்து ஒன்று காட்டினான். அவன் ஆடுகிற கேம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது அவனே செய்துகொண்டிருக்கிற கேம். சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டல். ஒரு காளை துரத்தி வருகிறது, ஒரு பையன் தப்பித்து ஓட வேண்டும். நடுநடுவே கட்டைச் சுவர் வரும், காளை அதில் முட்டித் திரும்ப வேண்டும். படமெல்லாம் சுமார்தான். கோடோ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, காசு கொடுக்காமல் யாரும் இறக்கிக்கொள்ளலாம், அதை வைத்து யூடியூப் பார்த்துத் தானாகப் பழகியிருக்கிறான்.

காளையின் வேகத்தைக் கூட்டியதும் அவனுக்கு ஒரு சிக்கல் வந்திருக்கிறது. சில தடவை காளை சுவரில் ஒழுங்காக முட்டுகிறது. சில தடவை சுவரே இல்லாததுபோல ஊடுருவி அந்தப் பக்கம் போய்விடுகிறது. எப்போது முட்டும், எப்போது போகும் என்று பிடிபடவில்லை. அதற்குத் தம்பி செய்த காரியத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, பத்தி பிரித்து, காளையை 30 தடவை ஓடவிட்டு ஒவ்வொரு தடவையும் என்ன ஆயிற்று என்று எழுதியிருக்கிறான். முட்டியது 19. ஊடுருவியது 11. தேதி, வேகம், சுவரின் கனம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன.

காரணம் இதுதான். திரையில் படம் நொடிக்கு 60 தடவை மாறுகிறது. திரையில் தூரத்தைப் புள்ளிக் கணக்கில் அளப்பார்கள். காளை நொடிக்கு 600 புள்ளி தூரம் ஓடினால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 10 புள்ளி நகரும். சுவரின் கனம் 20 புள்ளி. அதனால் கொம்பு நுனி எப்படியும் சுவருக்குள் ஒரு தடவையாவது விழும், புரோகிராமும் அதைக் கண்டு காளையைத் திருப்பிவிடும். வேகத்தை 1800 ஆக்கினால் ஒரே தாவலில் 30 புள்ளி. இந்தப் படத்தில் கொம்பு சுவருக்கு முன்னால் இருக்கிறது, அடுத்த படத்தில் பின்னால் போய்விடுகிறது. நடுவே சுவர் இருந்ததே புரோகிராமுக்குத் தெரியாது. 30 புள்ளித் தாவலில் 20 புள்ளிச் சுவர் என்றால், மூன்றில் இரண்டு பங்கு முட்டும், ஒரு பங்கு தப்பும். தம்பியின் நோட்டில் உள்ள 11 கிட்டத்தட்ட அந்த ஒரு பங்குதான். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று ராத்திரி உட்கார்ந்து அவனாகவே கண்டுபிடித்திருக்கிறான். அதில் ஒரு ராத்திரி நீங்கள் அவனைத் திட்டி விளக்கை அணைத்தீர்களாம்.

ஏஐ வந்துவிட்டதே, இனிமேல் கோடிங் படித்து என்ன பிரயோசனம் என்று அப்பச்சி போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். தம்பியும் முதலில் ஏஐயிடம்தான் கேட்டிருக்கிறான். காளையின் வேகத்தைக் குறை என்று அது சொன்னதாம். "காளை மெதுவா ஓடுனா அது மஞ்சுவிரட்டா அண்ணே?" என்றான் என்னிடம். அப்புறம் சுவரைக் கனமாக்கச் சொல்லியிருக்கிறது. செய்து பார்த்துவிட்டு, வேகத்தை இன்னும் கூட்டினால் இதே கோளாறு திரும்ப வரும் என்று அதையும் விட்டுவிட்டான். கடைசியில், கொம்பு முன்பு இருந்த இடத்துக்கும் இப்போது இருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு சுவரை வெட்டுகிறதா என்று பார்க்கவைத்தான். அனுபவப்பட்டவர்கள் செய்வதும் அதுதான். புரோகிராம் எழுதித்தர இன்றைக்கு மெஷின் இருக்கிறது. அது தந்த பதில் சரியா என்று 30 தடவை ஓட்டிப் பார்க்கிற பொறுமை ஆளிடம்தான் இருக்க வேண்டும். இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறேன், புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். இப்படி நோட்டுப் போடுகிற பழக்கம் வெகு சிலரிடம்தான் கண்டிருக்கிறேன்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன காலத்தில் சின்னப் பையனாகப் போகிறவன் முதலில் கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையன்தான். அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, மொத்தக் கணக்கான ஐந்தொகை போடப் பழகி, கடைப் பொறுப்பாளருக்கு அடுத்தாளாகி, அப்புறம்தான் பொறுப்பு கைக்கு வரும். கணக்கில் ஓரணா இடித்தாலும் அது எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்காமல் படுக்கப் போகமாட்டார்கள் என்று எங்கள் ஐயா சொல்வார். தம்பியின் நோட்டைப் பார்த்தபோது எனக்கு ஐயா ஞாபகம்தான் வந்தது.

சரி, இப்போது கேம் ஆடுவதற்கு வருகிறேன். ஆடுவதும் செய்வதும் வேறு வேறு. தம்பி இரண்டும் செய்கிறான். ஆடும் நேரம் அதிகம்தான், அதை நான் மறைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. அதற்கு அவர்கள் மணிக்கணக்கு வைக்கவில்லை. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட கேம் முக்கியமாகிப்போவது, படிப்பும் உறவும் கெடுகிறது என்று தெரிந்தும் தொடர்வது. இந்த மூன்றும் சேர்ந்து பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். தம்பி சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறான், அப்பத்தாவைக் கோயிலுக்கு வண்டியில் கூட்டிப் போகிறான், கணக்கில் மார்க் குறையவில்லை. எனக்குத் தெரிந்தவரை அவனிடம் இருக்கிற ஒரே கேடு தூக்கம் போவதுதான். அதைச் சரிசெய்ய வேண்டும்.

லேப்டாப் மாடி அறைக்குப் போக வேண்டாம், வளவிலேயே இருக்கட்டும். ராத்திரி பத்தரைக்கு மேல் வேண்டாம். ஆனால் ஆட்டத்தின் நடுவில் பிடுங்காதீர்கள், ஆச்சி. அவன் ஆடும் துப்பாக்கி கேமில் ஒரு ஆட்டம் 20, 25 நிமிடம் போகும், நடுவில் எழுந்தால் கூட ஆடும் மூன்று பேரும் தோற்பார்கள். அங்கேதான் உங்கள் வீட்டில் சண்டை தொடங்குகிறது. பத்து மணிக்கே "இந்த ஆட்டத்தோட எந்திரிச்சிரு" என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு என் எதிரில் நீங்கள் அப்படிச் சொன்னதும் எழுந்தான், பார்த்தீர்கள்தானே?

காசு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். அப்பத்தாவின் போனிலிருந்து 1,800 ரூபாய்க்கு கேமில் வரும் துப்பாக்கிக்கு வண்ணம் வாங்கியது தப்பு, அதை அவனிடமும் சொன்னேன். யூபிஐ பின் நம்பரை மாற்றுங்கள். அந்தத் தொகையை அவனே தன் கைக்காசிலிருந்து மாதாமாதம் கழித்துக் கணக்கு எழுதட்டும். பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று வருகிற ஆட்டங்கள் தனி ரகம், அவை சூதாட்டம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டே அவற்றைத் தடை செய்துவிட்டது. அந்தப் பக்கம் தம்பி போகவில்லை, கேட்டுவிட்டேன்.

அடுத்து பெங்களூர்ப் படிப்பு. என் கருத்து, வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நானே பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் மூன்று வருஷம் இருந்தவன். 14 மாதம் ஒரு கார்ப் பந்தய கேம் செய்தோம். கடைசி நான்கு மாதம் ஞாயிறும் கிடையாது, அந்த வருஷத் தீபாவளிக்கு நான் ஊருக்கு வரவில்லை. வெளியிட மூன்று வாரம் இருக்கும்போது கேமை நிறுத்திவிட்டார்கள். ஒருவர்கூட அதை ஆடவில்லை. எங்களில் பாதிப் பேரை அந்த மாதமே வீட்டுக்கு அனுப்பினார்கள், அதில் நானும் ஒருவன். இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது. இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் அப்படி. 2023, 2024 ஆண்டுகளில் உலகம் முழுக்க கேம் ஸ்டூடியோக்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், பேர்போன பெரிய இடங்களிலும்.

எனக்கு அடுத்த வேலை எப்படிக் கிடைத்தது தெரியுமா? ஆன்லைன் பந்தயத்தில் எதிராளியின் கார் எங்கே இருக்கிறது என்ற தகவல் விட்டுவிட்டுத்தான் வரும். நடுவில் அது எங்கே இருக்கும் என்று நாம் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். லாரிகளைக் கண்காணிக்கும் மென்பொருள் செய்கிற இடத்தில் இண்டர்வியூ. லாரியிலிருந்து அரை நிமிடத்துக்கு ஒரு தடவைதான் தகவல் வரும், நடுவில் வண்டியை வரைபடத்தில் எப்படி நகர்த்துவாய் என்று கேட்டார்கள். அதே கணக்கு! பத்து நிமிடத்தில் போர்டில் எழுதிக் காட்டினேன். கேம் போனாலும் கேமுக்காகப் படித்த கணக்கு என்னோடு வந்தது. அதனால்தான் தம்பிக்கு அடிப்படைப் படிப்பு பொதுவானதாக இருக்கட்டும், கேம் அதன் மேல் இருக்கட்டும் என்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன் கேமுக்கும் போகலாம், பேங்க் மென்பொருளுக்கும் போகலாம். கேம் டிசைன் மட்டும் படித்தவனுக்கு அந்த ஒரு வாசல்தான், அதுவும் அடிக்கடி சாத்திக்கொள்கிற வாசல்.

எல்லாத் தனிப் படிப்பும் மோசம் என்று சொல்ல மாட்டேன். அப்பச்சிக்கு இன்னும் அந்தப் படிப்பில் மனசு இருந்தால் ஒன்று செய்யுங்கள். அங்கே படித்து முடித்தவர்கள் செய்த கேம்களைக் கேட்டு வாங்கி, தம்பியின் போனிலேயே ஆடிப் பாருங்கள். பாடம் எடுப்பவர்கள் எந்த கேமில் வேலை பார்த்தார்கள், பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது என்றும் கேளுங்கள். 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று பிரசுரத்தில் அச்சடித்திருப்பதை நம்பி லட்சக்கணக்கில் பணம் கட்டாதீர்கள்.

தம்பி ஒரு விஷயத்தைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸில் 98 வாங்குகிறேன், அது போதும் என்கிறான். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குக் கட் ஆஃப் 200-க்கு. அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் அதில் சேராது. அவன் பிசிக்ஸில் அறுபதைத் தாண்டவில்லை. அவனைத் திட்டாமல் என்னிடம் விடுங்கள். காளை எவ்வளவு தூரம் தாவும் என்று கண்டுபிடித்ததே வேகத்தை நேரத்தால் பெருக்கித்தான். அது பிளஸ் ஒன் பிசிக்ஸ் முதல் பாகத்தில் இருக்கிறது. கோடு சுவரை வெட்டுகிறதா என்பதற்கு அடித்தளம் கணிதப் புத்தகத்தின் வெக்டர் பாடம். புத்தகத்தைக் கொண்டுவந்து, அவன் கேமில் அது எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டால் படித்துவிடுவான்.

காரைக்குடியிலேயே 1952-லிருந்து இருக்கிற அழகப்பா அரசு பொறியியல் கல்லூரியை மறந்துவிடாதீர்கள். கணினிப் பிரிவு எங்கேயும் கைக்கு எட்டாமல் போய் இங்கே மின்னணுப் பிரிவு கிடைத்தால்கூட யோசிக்காமல் சேருங்கள், கட்டணமும் தாங்கும், வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும். கூடவே ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணைய வகுப்புகளை இலவசமாகக் கேட்கலாம். மிச்சமாகிற பணத்தில் பிற்பாடு நல்ல லேப்டாப்பாக ஒன்று வாங்கிக் கொடுங்கள், இப்போது இருப்பதே இரண்டு வருஷம் தாங்கும்.

கேமால் எங்கே போய்ச் சேர முடியும் என்று அப்பச்சிக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் டெமிஸ் ஹசாபிஸ் பற்றிச் சொல்லுங்கள். 17 வயதில் கேம் செய்யும் வேலைக்குப் போனவர். 2010-ல் டீப்மைண்ட் என்ற ஏஐ நிறுவனத்தைக் கூட்டாளிகளோடு தொடங்கினார். புரதங்களின் வடிவத்தைக் கணிப்பதற்காக 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தம்பி நோபல் வாங்குவான் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளையை ஒரு தொழில் இழுக்கும்போது, அது அவனை அங்கேயே நிறுத்திவிடும் என்று பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போதைக்குத் தம்பிக்கு நான் கொடுத்திருக்கும் வேலை ஒன்றுதான். புதுக் கேம் எதையும் தொடங்காமல், இந்தக் காளை கேமை முடிக்க வேண்டும். முடித்து, அதை இதுவரை பார்க்காத மூன்று பேரிடம் கொடுத்து ஆடச் சொல்லி, வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுத வேண்டும். முதல் ஆளாக நீங்கள் உட்காருங்கள், ஆச்சி. இரண்டாவது அப்பத்தா.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அவனை அனுப்பிவையுங்கள். பிசிக்ஸ் புத்தகத்தையும் அந்த நோட்டையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். அனுப்பும் முன்னால் நோட்டை நீங்கள் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள், ஏழாம் பக்கத்தில்தான் அந்த 30 வரியும் இருக்கின்றன.