பாஸ் கையில் இருக்கும்போது ஏரிக் கப்பலுக்கு எதற்குத் தனிப் பணம்?

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போகிறோம். நான், மனைவி, 12 வயது மகன், 68 வயது அம்மா, கூடவே தங்கை மகள் (10 வயது). பேக்கேஜில் நான்கு நாள் ஸ்விஸ் டிராவல் பாஸ் உண்டு. ஆனால் லூசர்ன் ஏரிக் கப்பலுக்கு மட்டும் ஆளுக்கு 85 யூரோ தனியாகக் கேட்கிறார் ஏஜென்ட். பிள்ளைகள் இருவருக்கும் எல்லாமே இலவசம் என்கிறார். நம்பலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது.
- வாசகர், திருச்சி

பதில்: அந்த 85 யூரோவைக் கொடுக்காதீர்கள்.

'லேக் குரூஸ்' என்று பெயர் வைத்துவிட்டதால் அது ஏதோ தனிச் சுற்றுலா போலத் தோன்றுகிறது. லூசர்ன் ஏரியில் ஓடுபவை நம் ஊர் டவுன் பஸ் மாதிரியான கப்பல்கள். நேரப்படி கிளம்பி, வெக்கிஸ், விட்ஸ்நாவ், புருன்னன் என்று ஒவ்வொரு துறையிலும் ஆளை இறக்கி ஏற்றிக்கொண்டு தெற்கு முனையில் இருக்கும் ஃப்ளூயெலன் வரை போகும். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் செல்லும் அதே பாஸ் இந்தக் கப்பல்களுக்கும் செல்லும். முன்பதிவு வேண்டாம், சீட் நம்பர் கிடையாது. லூசர்ன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பழைய நிலையத்தின் கல் வளைவு மட்டும் தனியாக நிற்கும். 1971 தீ விபத்தில் எரிந்த கட்டடத்தின் மிச்சம் அது. அதைத் தாண்டிச் சாலையைக் கடந்தால் கப்பல் துறை. பாஸையும் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு ஏற வேண்டியதுதான்.

என் உறவுக்காரக் குடும்பம் ஒன்று இப்படித்தான் ஏமாந்தது. கப்பலுக்கென்று ஆறு பேருக்கும் இங்கேயே பணம் கட்டிவிட்டுப் போனார்கள். அங்கே வழிகாட்டி டிக்கெட் எதுவும் வாங்கவில்லை. "எல்லாரும் பாஸை எடுங்க" என்று சொல்லி, அதைக் காட்டித்தான் ஏற்றினார். திரும்பி வந்து கேட்டதற்கு "சர்வீஸ் சார்ஜ்" என்று பதில். ரசீதில் 'சைட்சீயிங்' என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை. வாங்கிய பணத்துக்கு என்ன வாங்கிக் கொடுத்தாய் என்று கேட்க ஆளில்லாத தொழிலாக இது ஆகிவிட்டது. விசாவுக்கே ஹோட்டல், டிக்கெட், பயணத் திட்டம் எல்லாம் முன்கூட்டியே காட்ட வேண்டியிருப்பதால், மக்களும் அவசரத்தில் கேட்ட தொகையைக் கட்டிவிடுகிறார்கள்.

உங்கள் ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தக் கப்பல், எத்தனை மணிக்கு, எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு? வழக்கமான சேவை என்றால் பாஸ் போதும். இரவு விருந்தோடு விற்கும் சிறப்புப் பயணம் என்றால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, வேண்டுமா என்று நீங்கள் முடிவு செய்யலாம். இன்னொன்று, அந்த நாட்டுப் பணம் ஃபிராங்க். யூரோவில் ஒரு தொகை சொன்னால், அது ஏஜென்ட் தானே போட்ட விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாஸில் இருக்கும் தேதிகளையும் பாருங்கள். நான்கு நாள் பாஸ் என்றால் தொடர்ச்சியாக நான்கு நாள். ஏரிக்குப் போகும் நாள் ஐந்தாவது நாளாக வைக்கப்பட்டிருந்தால் பாஸ் இருந்தும் பயனில்லை. 'வவுச்சர்' என்று ஒரு தாளைக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒவ்வொருவர் பெயரும் பிறந்த தேதியும் அச்சிட்ட பாஸே கைக்கு வர வேண்டும்.

இனி பிள்ளைகள் விஷயம். இதில்தான் உங்கள் ஏஜென்ட் சொன்னது தவறு. 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் இலவசமாகப் போவது 'ஸ்விஸ் ஃபேமிலி கார்டு' இருந்தால்தான். அந்தக் கார்டுக்குக் காசு இல்லை, ஆனால் பாஸ் வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், அது பெற்ற தாயோ தகப்பனோ கூட வரும்போது மட்டும் செல்லும். உங்கள் மகனுக்குச் சரி. தங்கை மகளுக்குச் செல்லாது. தாய்மாமன் நம் வீட்டில் அப்பாவுக்குச் சமம்தான், பரிசோதகருக்கு அது புரியாது. பாட்டி கூட வருகிறாரே என்றாலும் அதே பதில்தான். அவளுக்குப் பாதி விலையில் பாஸ் எடுத்துவிடுங்கள். மூன்று தலைமுறை சேர்ந்து ஊர் சுற்றும் குடும்பங்களை நினைத்து யாரும் இந்த விதியை எழுதவில்லை, எனக்கும் இதில் எரிச்சல்தான். ஆனால் கப்பலில் நின்று வாதாட முடியாது. தங்கையும் அவர் கணவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் விசாவுக்கு எப்படியும் தேவைப்படும், ஒரு நகலைப் பையில் வையுங்கள். மகனின் பிறப்புச் சான்றிதழ் நகலும் இருக்கட்டும். நமக்கு அப்பா பெயர்தான் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக நிற்கிறது, அதனால் தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் மூன்று வெவ்வேறு பெயர். வெளிநாட்டுக்காரருக்கு இது குழப்பம்.

அம்மாவை நினைத்துப் பயப்பட வேண்டாம். மேல்தளம் முதல் வகுப்பு, கீழ்த்தளம் இரண்டாம் வகுப்பு. உங்களுடையது இரண்டாம் வகுப்புப் பாஸ் என்றால் ஏறிய தளத்திலேயே உட்காரலாம், படியே வேண்டாம். முதல் வகுப்பு 'அப்கிரேடு' என்று யாராவது விற்க வந்தால் தேவையில்லை. ஆசையிருந்தால் வித்தியாசத் தொகையைக் கப்பலிலேயே கட்டலாம்.

ஜூலையில் நீராவிக் கப்பல்களும் ஓடும். பக்கவாட்டில் துடுப்புச் சக்கரம் வைத்த ஐந்து பழைய கப்பல்கள் இந்த ஏரியில் உண்டு. மூத்தது 'ஊரி', 1901-இல் ஓடத் தொடங்கியது. நடுவில் இயந்திர அறை திறந்தே இருக்கும். எஃகுத் தண்டுகள் எண்ணெய் மினுக்க முன்னும் பின்னும் போய்வருவதை மேலிருந்து குனிந்து பார்க்கலாம். பிள்ளைகளை அங்கே நிறுத்திவிட்டால் நகர மாட்டார்கள்.

லூசர்னிலிருந்து விட்ஸ்நாவுக்குக் கப்பலில் ஒரு மணி நேரம். துறைக்குப் பக்கத்திலேயே ரீகி மலை ரயில், 1871-இல் ஐரோப்பாவில் முதலில் ஓடிய பற்சக்கர மலை ரயில் அது. அதுவும் பாஸில் அடக்கம், அதற்கும் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இறங்கும்போது வெக்கிஸ் வழியாகக் கேபிள் காரில் வரலாம் என்று பலர் சொல்வார்கள். அங்கே கேபிள் கார் நிலையத்திலிருந்து துறைக்குச் சரிவில் நடக்க வேண்டும், அம்மாவுக்கு ஆகாது. போன வழியே விட்ஸ்நாவுக்கு வந்துவிடுங்கள். காலையில் அங்கே இறங்கியதும் துறையில் ஒட்டியிருக்கும் நேரப் பலகையில் லூசர்னுக்குத் திரும்பும் கடைசிக் கப்பலைப் பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு மலை ஏறுங்கள்.