உதட்டு வீக்கத்தைக் கடைசியிலா சொல்வது?

கேள்வி: வயது 46, ரங்கூன் தாம்வேயில் இருக்கிறேன். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலேயில் தங்கை வீடு விரிசல் விட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அதற்குப் பிறகுதான் உடம்பெல்லாம் காணாக்கடி மாதிரி தடித்து அரிக்க ஆரம்பித்தது, ஐந்து மாதமாகிறது. வீட்டில் “எல்லாம் உன் மனசுதான்” என்கிறார்கள். போனில் தேடினால் ரத்தப் புற்றுநோய், சிறுநீரகம் என்று வருகிறது. ஙப்பி என்ற மீன் விழுது, கருவாடு, கத்தரிக்காய், முட்டை எல்லாம் நிறுத்திவிட்டேன். பிரஷருக்கு எனாலாப்ரில், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் சாப்பிடுகிறேன். அரிப்பு தாங்காத நாளில் கடையில் கலந்து தரும் மாத்திரைப் பொட்டலம் ஒன்று. போன வாரம் இரண்டு நாள் காலையில் உதடு வீங்கியிருந்தது. நானே கவலைப்பட்டு வரவழைத்துக்கொண்ட வியாதியா டாக்டர்?

பதில்: உதடு வீங்கியதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேதான் தொடங்குவேன்.

எனாலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று ‘ப்ரில்’ என முடியும் பிரஷர் மாத்திரைகள் பிராடிகைனின் என்ற பொருளை உடம்பில் தேங்க விடும். சிலருக்கு அதனாலேயே உதடும் நாக்கும் தொண்டையும் வீங்கும். “வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே” என்பார்கள். பல வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் இப்படிச் செய்யும் மாத்திரை இது. அந்த வீக்கம் அரிப்பு மாத்திரைக்கு அடங்காது. உங்கள் உதடு தடிப்பு நோயால் வீங்கியதா, எனாலாப்ரிலால் வீங்கியதா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க இன்னொரு மாத்திரை விழுங்கிப் பார்க்க வேண்டாம். அடுத்த வேளை எனாலாப்ரிலைப் போடாமல், இன்றைக்கே டாக்டரைப் பார்த்து வேறு வகை மாத்திரை வாங்குங்கள். ஆம்லோடிபின் போல நிறைய இருக்கிறது. பிரஷர் மாத்திரையே இல்லாமல் நாளைக் கடத்துவதும் கூடாது.

அதற்குள் நாக்கு தடித்தாலோ, குரல் கம்மினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ, மூச்சு இழுத்தாலோ, கண் இருட்டினாலோ விடியட்டும் என்று படுத்திருக்காதீர்கள். பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். வீட்டில் ஒருவரிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள். குரல் அடைத்த பிறகு சொல்ல வராது.

சரி, மனசுக்கு வருவோம். கவலை தடிப்பைக் கூட்டும் என்பது உண்மைதான். தோலுக்குள் மாஸ்ட் செல் என்று சின்னச் சின்ன மூட்டைகள் இருக்கின்றன, உள்ளே ஹிஸ்டமின் என்ற, அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் பொருள். மனசு பதறும்போது தோலின் நரம்பு நுனிகளில் கசியும் பொருள்கள் அந்த மூட்டைகளை அவிழ்த்துவிடும். ஆனால் அந்த மார்ச்சுக்குப் பிறகு இந்த நாட்டில் நிம்மதியாகத் தூங்கியவர் யார்? எல்லாருக்கும் தடித்ததா? ஆறு வாரத்தைத் தாண்டி நீடிக்கும் தடிப்பில் பலருக்கு அவர்களுடைய நோய் எதிர்ப்பு சக்தியே அந்தச் செல்களைச் சீண்டிக்கொண்டிருக்கும். எரிகிற அடுப்பில் கவலை விறகு வைக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் வரவழைத்தது இல்லை அம்மா. இன்னொரு பக்கமும் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் இல்லாமல், மின்விசிறி நின்று, வியர்வையில் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு மறுநாள் மனசு எப்படி இருக்கும்? “எல்லாம் மனசுதான்” என்ற பேச்சில் எனக்குக் கோபம் வருவது வேறொரு காரணத்துக்காக. அதைச் சொன்ன பிறகு நீங்கள் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டைக்ளோஃபெனாக்கும் சந்தேகப் பட்டியலில் உண்டு. அது, இபுபுரோஃபென், ஆஸ்பிரின் மூன்றும் இந்தத் தடிப்பைக் கிளறக்கூடியவை. வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

கடைப் பொட்டலம்! பேரில்லாத நாலு கலர் மாத்திரையை நம்பி விழுங்குகிறவர்கள், நான் எழுதித் தரும் ஒற்றை மாத்திரைக்கு நூறு கேள்வி கேட்பார்கள். இப்படிப்பட்ட பொட்டலங்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும், அதனால்தான் உடனே கேட்கிறது. விட்டால் தடிப்பு திரும்பி வரும், பிரஷரும் சர்க்கரையும் ஏறும். எப்போதாவது ஒன்று என்றால் இன்றோடு விடுங்கள். வாரக்கணக்கில் தினமும் போட்டிருந்தால் திடீரென நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ரத்தப் புற்றுநோய்ப் பயத்தைப் போனோடு மூடி வையுங்கள். எடை குறையவில்லை, காய்ச்சல் இல்லை என்றால் சாதாரண ரத்தப் பரிசோதனையும் தைராய்டும் பார்த்தால் போதும். கரப்பான் பண்டம் என்று ஒதுக்கியதையெல்லாம் சாப்பிடுங்கள். உணவு ஒத்துக்கொள்ளாவிட்டால் சாப்பிட்ட சில நிமிஷத்தில், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்தில் காட்டிக்கொடுத்துவிடும்; ஐந்து மாதம் இழுத்தடிக்காது. தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசினால் குளுகுளுவென்று இருக்கும், பூசிக்கொள்ளுங்கள். கம்பளியால் மட்டும் தேய்க்காதீர்கள். என் பாட்டி தேய்ப்பார். இதமாகத்தான் இருக்கும், பத்து நிமிஷத்தில் முதுகு முழுக்கத் தடித்துவிடும்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். இன்று ராத்திரி ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். நாளை அதே நேரத்தில் வட்டம் மட்டும் இருந்து தடிப்பு வேறு இடத்துக்குப் போயிருந்தால் இது வழக்கமான தடிப்பு. ஒரு நாளைத் தாண்டி அதே இடத்தில் நின்று, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் கூடி, மறையும்போது கன்றிய கறை விட்டால் தோல் டாக்டர் ஒரு சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

மருந்து எளிது. செட்டிரிசின் அல்லது லோரடடின், 10 மில்லிகிராம், தினமும் ஒரே நேரத்தில், அரித்தாலும் அரிக்காவிட்டாலும். உங்கள் சிறுநீரக நிலையைப் பார்த்து டாக்டர் அளவைச் சொல்லட்டும். தடித்த பிறகு ஓடிப்போய்ப் போடுவதால்தான் பலருக்கு இது கேட்பதில்லை. போதாவிட்டால் நான்கு மடங்கு வரை கூட்டலாம், ஆனால் கூட்டுவது டாக்டர், நீங்கள் அல்ல. பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாக அடங்கிவிடும். சிலருக்குச் சில வருஷம் ஆகும்.

தங்கையோடு பேசுவதைப் படுக்கப்போகும் நேரத்திலிருந்து பகலுக்கு மாற்றிப் பாருங்கள். டாக்டரிடம் போகும்போது எனாலாப்ரில் அட்டையையும் அந்தப் பொட்டலத்தில் மிச்சமிருப்பதையும் கையோடு எடுத்துப் போங்கள். உதடு மறுபடி வீங்கினால் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் வீக்கம் வடிந்திருக்கும்.